சிவிடி கார், 14 அடி படகு, புளியரை ஏற்றம்: இழுக்குமா?

மேக்கரைக்காரன்:
வணக்கம். செங்கோட்டையிலிருந்து அஷ்டமுடிக் காயலுக்குப் படகு கொண்டுபோக வேண்டும். கார் 1.5 பெட்ரோல் செடான், சிவிடி (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பெட்டி, 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. படகு 14 அடி ஃபைபர், 40 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். ஒற்றை அச்சு டிரெய்லர், அதற்குத் தனி பிரேக் கிடையாது. வழி: புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொல்லம். ஹிட்ச் (டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் வைக்கும் கொக்கி) மாட்டித் தருகிறவர், "120 குதிரை இருக்குல்லா, யானையையே இழுக்கும்" என்கிறார். கார் கையேட்டிலோ டோ செய்யாதே, அதாவது இழுக்காதே என்று இருக்கிறது. எதை நம்ப?

கியர்பெட்டி அண்ணாச்சி:
கையேட்டில் "டோ" இரண்டு இடத்தில் வரும் தம்பி. நீங்க பார்த்தது எது? ஒன்று, உங்க கார் வழியில் நின்றுபோனால் அதை இழுத்துப்போகும் முறை. முன்சக்கரம் தரையில் உருளாமல் தூக்கிவைத்து இழு, இல்லையென்றால் லாரியில் ஏற்று என்று இருக்கும். எஞ்சின் ஓடாதபோது எண்ணெய் பம்பு ஓடாது. சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே காய்ந்த இரும்பு உரசும். இன்னொன்று, உங்க கார் டிரெய்லரை இழுப்பது. சின்ன சிவிடி கார்களில் பெரும்பாலும் ஒரே வரிதான்: டிரெய்லர் இழுக்க இந்த வாகனம் வடிவமைக்கப்படவில்லை.

மேக்கரைக்காரன்:
இரண்டுமே இருக்கிறது அண்ணாச்சி. இரண்டாவது நீங்கள் சொன்ன அதே வரி.

கியர்பெட்டி அண்ணாச்சி:
அப்போ கம்பெனி பதில் சொல்லிவிட்டது. வாரண்டி, இன்சூரன்ஸ் ரெண்டுக்கும் அந்த வரி முக்கியம். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மேலே பேசலாம்.

காயல் கணக்கு:
பேசுவதற்கு முன் எடை வேண்டும். "சின்னப் படகுதான்" என்பது எடை இல்லை. உத்தேசமாகப் போட்டுப் பார்க்கிறேன்:

ஃபைபர் உடல் 250 கிலோ
40 குதிரை எஞ்சின் 95
டிரெய்லர் 180
பெட்ரோல் 25 லிட்டர், டேங்கோடு 22
பேட்டரி 18
நங்கூரம், கயிறு, உயிர்காப்புச் சட்டை, ஐஸ் பெட்டி 35

சரியாக 600 கிலோ. உண்மை எடை வேண்டுமென்றால் எடை மேடைக்குக் கொண்டுபோய் டிரெய்லரைக் கழற்றித் தனியாக நிறுத்தி ஒருமுறை எடை போடுங்கள். காரில் மாட்டியபடியே டிரெய்லர் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றிப் போட வேண்டாம், ஹிட்சில் தொங்கும் பாரம் காரின் கணக்கில் போய்விடும்.

இனி மூக்குப் பாரம், அதாவது டிரெய்லரின் முனை கார் ஹிட்சை அழுத்தும் எடை. படகு டிரெய்லருக்கு மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இருக்கலாம். உங்களுக்கு 30லிருந்து 60 கிலோ. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் போதும். சமதரையில் டிரெய்லர் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். மெஷின் மேல் ஒரு பலகை, பலகை மேல் ஒரு மரக்கட்டை நட்டமாக. கட்டையின் உயரம், கப்ளர் (ஹிட்ச் பந்தைக் கவ்வும் டிரெய்லர் முனை) காரில் மாட்டியிருக்கும்போது தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவு வர வேண்டும். ஜாக்கி சக்கரத்தைத் தூக்கிவிட்டு முனையைக் கட்டை மேல் இறக்குங்கள். பலகை, கட்டையின் எடையைக் கழித்தால் மூக்குப் பாரம். உயரம் மாறினால் எண்ணும் மாறும், அதனால் குத்துமதிப்பாகச் செங்கல் அடுக்கிப் பார்க்காதீர்கள்.

மூக்கு லேசாக இருந்தால் 60 கி.மீ. வேகம் தாண்டியதும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். எஞ்சின் பின்னால் தொங்குவதால் படகு டிரெய்லரில் இது சகஜம். படகின் மூக்கை இழுத்துக் கட்டும் வின்ச் கம்பத்தை நகர்த்திப் படகை நாலு அங்குலம் முன்னால் இழுத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

நெல்லை டர்போ:
600 கிலோ ஒரு எடையா? வெளிநாட்டில் சுபாரு சிவிடி வண்டியில் ஒரு டன் இழுக்கிறான். சும்மா பயமுறுத்தாதீங்க.

காயல் கணக்கு:
இழுக்கிறான், உண்மை. அமெரிக்காவில் 2.5 லிட்டர் சுபாரு அவுட்பேக்குக்கு 2,700 பவுண்டு அனுமதி, 1,224 கிலோ. நிசான் பாத்ஃபைண்டர் 2017 முதல் சிவிடியோடு 6,000 பவுண்டு. அவையெல்லாம் இழுப்பதற்கென்றே எண்ணெய்க் கூலரும் அழுத்தமும் கணக்குப் போட்டுக் கட்டியவை. அப்படியும் சுபாரு கையேட்டில் ஒரு நிபந்தனை உண்டு: வெளியே 40 டிகிரி வெயிலில், 8 கி.மீ.க்கு மேல் தொடர் ஏற்றம் என்றால் அந்த எடையில் பாதிதான். பாத்ஃபைண்டரும் 2022 மாடலில் சிவிடியை விட்டுவிட்டு 9 கியர் ஆட்டோமேட்டிக்குக்குப் போய்விட்டது. நம்ம ஊர் 1.5 செடானையும் அதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கியர்பெட்டி அண்ணாச்சி:
ஹிட்ச் கடைக்காரர் சொன்ன குதிரைக் கணக்குக்கு வருவோம். கார் 1,150, ஆள் இரண்டு பேர் 150, டிரெய்லர் 600. ஆக 1,900 கிலோ. நூறடிக்கு ஆறடி ஏறும் சாலை என்று வைத்து, மணிக்கு 30 கி.மீ.யில் ஏற, உருளும் தடையையும் சேர்த்துச் சக்கரத்தில் 12 கிலோவாட் போதும். வெறும் 16 குதிரை! எஞ்சினுக்கு இது ஒரு வேலையே இல்லை. அதனால்தான் "நல்லா இழுக்குது" என்று எல்லாரும் ஏமாந்து போகிறார்கள்.

சிவிடிக்குள் பல் சக்கரம் கோத்து இழுப்பதில்லை. இரண்டு கூம்புப் புல்லி, நடுவில் நூற்றுக்கணக்கான எஃகுத் தகடு கோத்த பெல்ட். சில கம்பெனியில் சங்கிலி. புல்லியின் இரண்டு தட்டும் எண்ணெய் அழுத்தத்தால் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கின்றன, அந்தக் கவ்வுதான் எல்லாம். பாரம் கூடினால் கவ்வு அழுத்தம் கூட வேண்டும், அழுத்தம் கூடினால் பம்புக்கு வேலையும் சூடும் கூடும். பாரத்தில் பத்து, பதினைந்து சதவீதம் சூடாகப் போகிறது என்று வைத்தால் உங்க கணக்குக்கு 1,500 வாட் பக்கம் வரும். வாளியில் போட்டுத் தண்ணீர் காய்ச்சுகிற ராடு ஒன்றை நாலைந்து லிட்டர் எண்ணெய்க்குள் விட்ட மாதிரி.

அது லாக்அப் விழுந்து, அதாவது எஞ்சினையும் கியர்பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் நேராகப் பூட்டிக்கொண்டு, சீராக ஏறும்போது. புளியரை எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்று நின்று ஏறினால் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாது. அது உள்ளே எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும், சூடு பல மடங்கு. கேரளாவுக்குப் பாரம் ஏற்றிப்போகும் லாரி வரிசை எப்போது குறைவு என்று பார்த்துக் கிளம்புவது, எந்தக் கூலரைவிடவும் உபயோகம்.

நெல்லை டர்போ:
சரி, சூடானா என்ன? பாதுகாப்பு மோடுக்குப் போய் எஞ்சின் இழுவையைக் குறைச்சிடுமே. கெட்டுப்போகாதே.

கியர்பெட்டி அண்ணாச்சி:
குறைக்கும். ஏற்றத்தின் நடுவில், பின்னால் லாரி நிற்க, முன்னால் வளைவு இருக்கக் குறைக்கும். அதுவரை வெந்த எண்ணெய் திரும்பப் பழையபடி ஆகாது. குழைவு போய் நீர்த்தால் கவ்வு தளரும், பெல்ட் ஒரு கணம் வழுக்கும், புல்லி முகத்தில் கீறல் விழும். கீறல் விழுந்த புல்லி பெல்ட்டைத் தின்னும். அந்த இரும்புப் பொடி வால்வு பாடிக்குள் போய் அடைக்கும். கார் அன்றைக்கே நிற்காது. ஐயாயிரம், பத்தாயிரம் கி.மீ. கழித்து 40–50 வேகத்தில் ஒரு உதறல், ஒரு ஊளைச் சத்தம் என்று ஆரம்பிக்கும். அப்போது படகு இழுத்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மேக்கரைக்காரன்:
எண்ணெய்ச் சூட்டை எப்படிப் பார்ப்பது? டேஷ்போர்டில் ஒன்றும் வராதே.

ஸ்கேனர் சாரல்:
ஓபிடி சாக்கெட்டில் (பட்டறையில் ஸ்கேனர் மாட்டும் இடம்) புளூடூத் டாங்கிள் மாட்டி, போனில் செயலி போட்டால் பல கார்களில் சிவிடி எண்ணெய் வெப்பம் வரும். உங்கள் கம்பெனிக்கான குறியீடு இருக்கிற செயலியாகப் பாருங்கள். கூலன்ட் வெப்பத்தைப் பார்த்துவிட்டு அதுதான் இது என்று நினைக்கிறவர்கள் நிறைய.

நான் வைத்துக்கொள்ளும் கோடு: 80–95 டிகிரி வழக்கம். 105 தொட்டால் வேகத்தைக் குறை, ஏசியை அணை. 115 என்றால் ஓரம் கட்டு. ஓரம் கட்டினால் எஞ்சினை அணைக்காதே, பார்க்கில் போட்டு ஐடிலில் ஓடவிடு. பம்பு ஓடினால்தான் எண்ணெய் சுற்றி ஆறும்.

வால்பாறை ஜீப்:
வெளிக் கூலர் ஒன்று கூடுதலாக மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

கியர்பெட்டி அண்ணாச்சி:
பாதி தீரும். பல கார்களில் சிவிடி எண்ணெய் ஏற்கெனவே ஒரு சின்ன வெப்பமாற்றி வழியாகக் கூலன்ட்டில்தான் ஆறுகிறது. கூலன்ட்டே 100ல் நின்றால் எண்ணெய் அதற்குக் கீழே இறங்காது. அதனால் தனிக் காற்றுக் கூலர் வைத்தால் வெப்பமாற்றிக்கு அடுத்து, எண்ணெய் கியர்பெட்டிக்குத் திரும்பும் பாதையில் வர வேண்டும். தெர்மோஸ்டாட் உள்ள அடாப்டர் போடுங்க, இல்லாவிட்டால் மழைக்காலத்துக் காலையில் எண்ணெய் சூடேறவே நேரமாகும். ஹோஸ் கியர்பெட்டி எண்ணெய்க்கு உரியதாக இருக்கணும். பெட்ரோல் ஹோஸை வெட்டி கிளிப் போட்டு முறுக்கினால், அது பிய்த்துக்கொள்கிற இடம் தென்மலைக் காடாகத்தான் இருக்கும்.

கூலர் மாட்டியதும் எண்ணெய் அளவு மாறும். பல கியர்பெட்டியில் ஆழம் பார்க்கும் குச்சி இல்லை. எண்ணெய் 35–45 டிகிரியில் இருக்கும்போது, எஞ்சின் ஓட, வழியும் துளையைத் திறந்து சொட்டுச் சொட்டாக வழிகிற அளவில் மூடணும். அந்த 35–45 கணக்குத் தெரியாத பட்டறை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்க. எண்ணெயும் கம்பெனி சொன்னதுதான்: ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2, நிசானுக்கு என்எஸ்-3 என்று தனித்தனி. சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஊற்றினால் பெல்ட் வழுக்கும், அவ்வளவுதான். 62,000 வரை மாற்றவில்லையென்றால் படகை மறந்துவிட்டு முதலில் அதை மாற்றுங்க. ஒருமுறை வடித்தால் மொத்தமும் வராது, ஆயிரம் கி.மீ. விட்டு இன்னொரு முறை வடித்து ஊற்றணும்.

ஆனால் கூலர் கவ்வு அழுத்தத்தைக் கூட்டாது, பிரேக்கையும் கூட்டாது. கம்பெனி வேண்டாமென்றதைக் கூலர் வேண்டுமென்று ஆக்காது.

காயல் கணக்கு:
பிரேக் என்றீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை. கோட்டைவாசல் தாண்டினால் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை வழியாக நீண்ட இறக்கம். சிவிடியை டி நிலையில் விட்டு இறங்கினால் அது எஞ்சினை 1,500 சுற்றுக்குக் கொண்டுபோய்விடும், எஞ்சின் பிடிப்பே இருக்காது. பிரேக் இல்லாத 600 கிலோ பின்னாலிருந்து தள்ளும், எல்லாச் சூடும் காரின் பிரேக் பேடுக்கு. கியர் நெம்பில் எல் நிலை இருந்தால் எல், ஸ்டியரிங்கில் துடுப்பு நெம்பு (பேடில் ஷிஃப்டர்) இருந்தால் மேனுவல். சுற்று 3,000–3,500ல் நிற்கட்டும். பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்காமல், அழுத்திக் குறைத்துவிட்டு முழுக்க விடுங்கள்.

டிரெய்லருக்கு ஓவர்ரன் பிரேக் வைக்கலாம். கார் மெதுவாகும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் அந்தத் தள்ளலே அதன் பிரேக்கைப் பிடிக்கும். ஐரோப்பாவில் 750 கிலோ வரை பிரேக் இல்லாத டிரெய்லருக்கு விதி இடம் தருகிறது. ஆனால் 1,150 கிலோ காருக்குப் பின்னால் 600 என்பது காரில் பாதிக்கு மேல். மழைச் சாலை, வளைவு, இறக்கம் மூன்றும் சேர்ந்தால் டிரெய்லர்தான் காரை ஓட்டும்.

இன்னொன்று, எல்லாரும் போகிற வழியையே பேசுகிறோம். கஷ்டம் திரும்பி வருவதில்தான். தமிழ்நாட்டுப் பக்கம் ஏற்றம் குறுகியது, கேரளப் பக்கம் நீளம். வரும்போது படகின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். நாற்பது லிட்டர் நின்றால் நாற்பது கிலோ, அதுவும் எஞ்சின் பக்கம், மூக்குப் பாரத்தைக் குறைக்கிற இடத்தில். கரையேற்றியதும் வடிகால் அடைப்பானைக் கழற்றுங்கள், மூக்கைத் தூக்கி முழுக்க வடியவிடுங்கள். கழற்றிய அடைப்பானைக் கார் சாவியோடு கட்டிவையுங்கள். அடுத்த முறை அதைப் போடாமல் படகை இறக்கினால் வேறு கதை.

அட்டமுடித் துடுப்பு:
கொல்லத்துப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சிவிடி சாகிற இடம் மலை இல்லை, படகு இறக்கும் சரிவு. உங்கள் கார் முன்சக்கர இழுவை. மூக்குப் பாரம் பின்னால் அழுத்த, சரிவும் சேர, முன்சக்கரத்தில் பிடிப்புப் போய்விடும். சரிவில் பாசி. படகை ஏற்றி வெளியே இழுக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுற்றும், சட்டென்று காய்ந்த சிமெண்டைப் பிடிக்கும். அந்த ஒரு வெட்டு இழுப்பு நேராகப் பெல்ட்டுக்குப் போகும்.

காரைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மேலே காய்ந்த சமதரையில் நிறுத்தி, டிரெய்லரைக் கழற்றி, ஜாக்கி சக்கரத்தில் கையால் இறக்குங்கள். இறக்கும்போது ஒரு கயிறு மரத்திலோ கம்பத்திலோ இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிக்க வேண்டும். 600 கிலோவை இரண்டு ஆள் வெறுங்கையால் பிடிக்க முடியாது. ஏற்றுவதற்குக் கை வின்ச்சோ, அக்கம்பக்கத்து டிராக்டரோ. சரிவில் காரை ஆக்சிலேட்டரால் தாங்கி நிறுத்துவது கூடவே கூடாது, கை பிரேக் எதற்கு இருக்கிறது?

அஷ்டமுடி நீண்டகரையில் கடலோடு சேர்கிற காயல், உப்புத் தண்ணீர். இரண்டு மணி நேரம் ஓடிவந்த ஹப் (டிரெய்லர் சக்கரத்தின் நடுப்பாகம், பேரிங் இருக்குமிடம்) சூடாக இருக்கும்போதே தண்ணீரில் இறக்கினால், உள்ளே காற்று சுருங்கி சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த மாதம் பேரிங் அலறும். இருபது நிமிடம் ஆறவிடுங்கள், கை வைத்துப் பார்த்து இறக்குங்கள். தண்ணீருக்குள் போகும் பேரிங்குக்குரிய கிரீஸ் போடுங்கள். விளக்கு வயர் பிளக்கை முன்னதாகக் கழற்றுங்கள், சூடான பல்ப் தண்ணீரில் வெடிக்கும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் ஹப், ஸ்பிரிங், பிரேம் உள்பக்கம் எல்லாம் கழுவ வேண்டும்.

காகிதப்புலி:
இடையில் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988ன்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். தனிப் பதிவு, தனி நம்பர் பலகை, இன்சூரன்ஸ். பட்டறையில் அடித்த டிரெய்லரை அப்படியே மாட்டிக்கொண்டு எல்லை தாண்ட முடியாது. எஞ்சின் பொருத்திய படகு உள்நாட்டு நீர்வழிகளில் ஓட 2021 உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் இருக்கிறது, பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேக்கரைக்காரன்:
பதிவு இருக்கிறது சார். ஹிட்ச் பற்றி ஒன்று: பந்து 50 மில்லி, கப்ளரில் 2 அங்குலம் என்று அச்சு. இரண்டும் ஒன்றுதானே?

காயல் கணக்கு:
இல்லை. 2 அங்குலம் 50.8 மில்லி. 50 பந்தில் அந்தக் கப்ளர் பூட்டிக்கொண்ட மாதிரி தெரியும், ஆனால் உள்ளே ஆடும். குழியில் எகிறினால் கழன்றுவிடலாம். பந்தை மாற்றுங்கள், சின்னச் செலவு. பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும், கழன்றால் முனை தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். ஹிட்ச் பம்பரில் இல்லாமல் சேஸிஸ் புள்ளியில் போல்ட் ஆகியிருக்கிறதா என்று காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முன்னால் திருகி மாட்டும் இழுவை வளையம் அவசரத்துக்கு, டிரெய்லருக்கு இல்லை.

வால்பாறை ஜீப்:
இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட்டும் சிவிடிதானே, அதுக்கும் இதே கதையா?

கியர்பெட்டி அண்ணாச்சி:
பேர்தான் இ-சிவிடி. உள்ளே பெல்ட் கிடையாது. கோள் கியர் தொகுதி ஒன்று, மின்மோட்டார் இரண்டு. பெல்ட் வழுக்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இன்வெர்ட்டரும் மோட்டாரும் சூடாகும், நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால் மின்பிடிப்பு குறையும், அப்போ எஞ்சினைச் சுற்றவைத்துத்தான் பிடிக்கும். ஹைப்ரிட் இல்லாத ஹைகிராஸில் இருப்பது பெல்ட் சிவிடிதான். எதுவானாலும் இழுக்கலாமா என்பதை அந்தந்தக் கையேடுதான் சொல்லணும்.

மேக்கரைக்காரன்:
ஆக, என் காருக்கு வேண்டாம் என்பதுதானே பதில்?

கியர்பெட்டி அண்ணாச்சி:
மலைக்கு வேண்டாம். செங்கோட்டைக்குள் வீட்டிலிருந்து பட்டறைக்கு நகர்த்துகிற மாதிரி சமதரை வேலைக்கே, கையேட்டு வரி இருக்கும்வரை நான் சரி என்று சொல்லமாட்டேன். ஹிட்ச் உள்ள டீசல் பிக்கப் ஒன்றை வாடகைக்குப் பிடிங்க. மேனுவல் கியர், சேஸிஸ் வண்டி. அதிலும் கிளட்ச் தேயும், ஆனால் கிளட்ச் பிளேட்டும் சிவிடியும் விலையில் ஒன்றா? டிரெய்லர் பிரேக்கை அதற்கும் போட்டுவிடுங்க.

அட்டமுடித் துடுப்பு:
வருடத்துக்கு எட்டு முறை வருவதென்றால் படகை இந்தப் பக்கமே விட்டுவிடலாம். ஒரு முறை பிக்கப் வாடகை, அவ்வளவுதான். கூரை உள்ள இடமாகப் பாருங்கள், இங்கே மழை ஆறு மாதம். எஞ்சினை மட்டும் கழற்றிக் காரில் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

மேக்கரைக்காரன்:
அது நல்ல யோசனை. 40 குதிரை எஞ்சின் டிக்கியில் படுக்குமா?

அட்டமுடித் துடுப்பு:
95 கிலோவை டிக்கிக்குள் தூக்கிவைக்க நாலு ஆள் வேண்டும், டிக்கியும் போதாது. அதைப் படகோடு விட்டு எஞ்சின் பூட்டு போடுங்கள். 9.9 குதிரை என்றால் 40 கிலோ சுற்றி, அது படுக்கும். நான்கு ஸ்ட்ரோக்கை இஷ்டத்துக்குப் படுக்கவைக்கக் கூடாது. எந்தப் பக்கம் கீழே வரலாம் என்று கையேட்டிலும் பெரும்பாலும் மூடி மேலேயும் படம் இருக்கும். மாறிப் படுத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும். படுக்கவைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் நட்டமாக நிறுத்தித் தண்ணீர் முழுக்க வடியவிடுங்கள், பெட்ரோலையும் வடித்துவிடுங்கள். காருக்குள் தலைப்பக்கம் விசிறிப்பக்கத்தைவிட எப்போதும் உயரமாக இருக்க வேண்டும். ஒரு பழைய டயர் அதற்குச் சரியாக இருக்கும், தலையை அதன் மேல் வைத்துக் கட்டுங்கள்.